மூன்று பேருக்கும் ஒரே பெயர்

பழைய கணினி எந்த நேரமும் கையை விரித்துவிடும் போலிருந்தது. அதனால் சாய்கல் ஒரு மடிக்கணினி வாங்கி, பாட்டுகளை அதற்கு மாற்றித் தரச் சொல்லிக் கொழுந்தன் திலெக்கைக் கூப்பிட்டிருந்தாள். பிஷ்கெக்கில் யாரிடமும் வயிற்றைக் காயப்போட்டு வேலை வாங்க முடியாது. தேநீர் போட்டு, ஒரு தட்டு நிறையப் போர்சோக் என்னும் மாவுப் பலகாரமும் பொரித்து வைத்தாள்.

பாட்டுகள் அவள் கணவன் சேர்த்தவை. வீட்டிலிருந்த ஒலிநாடாக்களை எல்லாம் கணினியில் ஏற்றியவன் அவன். பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைத் தட்டியவள் அவள். அவன் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அடுக்களையில் அவனே கோமுஸ் மீட்டி, கைப்பேசியில் பதிந்த ஒரு பாட்டு அதில் உண்டு. அவன் குரல் இந்த உலகத்தில் அந்த ஓர் இடத்தில்தான் மிச்சம்.

"இந்தச் செயலியப் பாருங்க அண்ணி. படமெல்லாம் அதுவே தேடிப் போட்டுக்கும்."

"படம் யாருக்கு வேணும், கண்ணாடி? எனக்குப் பாட்டு போதும்."

கண்ணாடி என்பது திலெக்குக்கு அவள் வைத்த பெயர். வாழ வந்த பெண் புகுந்த வீட்டார் பெயரைச் சொல்லக் கூடாது. கொழுந்தனுக்காவது செல்லப் பெயர் வைக்கலாம். மூத்தவர்களுக்கு அதுவும் கிடையாது. கணவன் பெயரையும் சொல்லக் கூடாது; அதற்கு இரும்பு என்று அர்த்தம். சாய்கல் கடையில் இரும்புச் சட்டி வாங்கும்போதுகூட "அந்தக் கறுப்புச் சட்டி" என்றுதான் கேட்பாள்.

அடுத்த செயலி மாதச் சந்தா கேட்டது. அதைத் துரத்தியாயிற்று. மூன்றாவதைத் திலெக் மெச்சிக்கொண்டே திறந்தான்.

"இது புது மருமக மாதிரி அண்ணி. இறைஞ்சு கெடக்குறத எல்லாம் ஒதுங்க வச்சுடும்."

"மாமியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வைக்கச் சொல்லு."

அதற்குள் அவன் பொத்தானை அழுத்திவிட்டான்.

"ஒரே பாட்டு, அதே கலைஞர், மூணு தடவ இருந்துச்சாம். நல்லதா ஒண்ண வச்சுட்டு மத்த ரெண்டையும் அழிச்சுடுச்சு."

"எந்தப் பாட்டு?"

"'பனி உருகும் நாள்'."

சாய்கல் உடனே போடச் சொன்னாள். மாமனாரின் கோமுஸ் கணீரென்று ஒலித்தது.

அது அந்தக் குடும்பத்துப் பாட்டு. மாமனார், கணவனின் அண்ணன், கணவன் மூவருமே வாசித்திருந்தார்கள். கலைஞர் பெயர் கேட்ட கட்டத்தில் சாய்கல் மூவருக்கும் "அவர்" என்றே தட்டியிருந்தாள். "எந்த அவர்?" என்று கணவன் அன்று விழுந்து விழுந்து சிரித்தான். நம் வீட்டு மரியாதை இயந்திரத்துக்கு எங்கே தெரியும்?

"பழைய பெட்டியப் போடு," என்றாள்.

அது இரைந்தது, அணைந்தது. மறுபடி போட்டான். மறுபடி அணைந்தது. ஒரே ஒரு தடவை திறந்துவிடு, பிறகு எப்படியோ போ என்று சாய்கல் அதனிடம் மனதுக்குள் கெஞ்சினாள். மூன்றாம் முறை திரை ஒளிர்ந்து நின்றது. திலெக் எல்லாவற்றையும் மறுபடி நகல் எடுத்தான்.

"இன்னொரு செயலி இருக்கு அண்ணி. நீங்க வச்ச எடத்துலயே வச்சுப் பாடும், அவ்வளவுதான். பாக்க மொக்கையா இருக்கும்."

"இருக்கட்டும். எதுலயும் கை வைக்காம இருந்தாப் போதும்."

அதில் அவள் கணவன் வாசித்த பதிவைப் போட்டான். கெண்டியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம். கோமுஸ். ஓரிடத்தில் விரல் தடுமாறியது. கடைசியில் அவன் குரல்: "எப்படி இருந்துச்சு?"

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பதிவு ஓடுகிறதே என்று அன்று அவள் தலையை மட்டும் ஆட்டியிருந்தாள்.

"பேரு போட்டுடலாம் அண்ணி, மறுபடி கலந்துடாம. நான் அடிக்கிறேன்."

"வேணாம். நானே."

ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். பிறகு பாட்டை முதலிலிருந்து போட்டாள். திலெக் ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாட்டு முடிந்ததும் மறுபடி அந்தக் குரல்:

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு, தெமிர்," என்றாள் சாய்கல்.