ஆறு மணி வெண்பா

இந்த நொடியில் வாழ்வது எப்படி என்று தெரிந்துகொள்ள வெண்பா லாவோஸ் வரைக்கும் போக வேண்டியிருந்தது. விருத்தாசலத்திலும் நொடிகளுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஆனால் சும்மா கிடைப்பதை யார் மதிக்கிறார்கள்? விசா வாங்கி, விமானம் ஏறி, எட்டுப் பேர் படுக்கிற அறையில் மேல்கட்டிலில் சுருண்டு அனுபவித்தால்தான் அது நொடி. பெங்களூரில் ஏழு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகைத் தொலைத்தவள், மிச்சமிருந்த முதுகில் பன்னிரண்டு கிலோ பையை மாட்டிக்கொண்டு தாய்லாந்து, லாவோஸ் என்று நாற்பது நாள் தனியாகச் சுற்றினாள்.

கடைசிப் பத்து நாள் ஒரு மலையாற்றங்கரைத் தியான விடுதியில் கழிந்தது. உள்ளே போனதும் செல்போனை வாங்கித் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். யாரோடும் பேசக் கூடாது. தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்கு ஆற்றைப் பார்த்து உட்கார வேண்டும். விடுதியை நடத்திய ஒல்லியான பெண்மணி முதல் நாள் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான். எண்ணம் வந்தால் அதோடு சண்டை போடாதே, பிடித்தும் வைக்காதே, அனுப்பிவிடு.

வெண்பாவுக்கு அது சுலபமாக வந்தது. அப்பா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாரே என்று தோன்றும், அனுப்பிவிடுவாள். அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பு நாக்கில் வந்து நிற்கும், அனுப்பிவிடுவாள். எண்ணம் போன இடத்தில் ஆறு மட்டும் ஓடும். அந்தப் பத்து நாளும் அவள் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தாள், அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அனுப்பியதெல்லாம் எங்கே போகிறது என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பெண்மணியும் சொல்லவில்லை.

ஒரே ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் அம்மா நீலாவதி ஆஸ்பத்திரியில் இறந்தபோது, வெண்பா குடகு மலையில் டவர் கிடைக்காத இடத்தில் கூடாரம் போட்டிருந்தாள். வந்து சேர்ந்தபோது அம்மா ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். கடைசியாக அம்மா என்ன சொன்னாள்? பக்கத்தில் இருந்தது அப்பா ஒருவர்தான். அவர் சொல்லவில்லை, இவளுக்குக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. சாப்டியா, மாத்திர போட்டியா, சரி வெச்சிடுறேன் என்று போனிலேயே ஐந்து வருடம் ஓடிவிட்டது. ஆற்றங்கரையில் அந்தக் கேள்வியையும் அனுப்பிக்கொண்டே இருந்தாள். பத்தாவது நாள் அது வராமல் போனதும் அவளுக்கே பயமாகிவிட்டது. நேரே ஊருக்குப் போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினாள். போன் கைக்கு வந்த பிறகும் வழியெல்லாம் அதை அணைத்தே வைத்திருந்தாள், அந்த அமைதி கலைந்துவிடக் கூடாதே என்று.

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து, செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. மல்லிகைச் செடியைச் சுற்றி அப்பா வரிசையாகப் பதித்திருந்த ரிஜெக்ட் ஆன மின்கம்பப் பீங்கான் இன்சுலேட்டர்கள் பல்வரிசைபோல வெளுத்துக் கிடந்தன. அவளுடைய அப்பா ராஜாங்கம் எஸ்டேட்டில் சூளை வேலை பார்ப்பவர். முதல் ஷிப்டு முடிந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

திடீரென்று போய் நின்றால் மனிதர் ஆடிப்போய்விடுவார் என்று வெண்பா நினைத்திருந்தாள். அவரோ பக்கத்துக் கடைக்குப் போய் வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வந்துட்டியா பாப்பா. கை கழுவிட்டு வா, சோறு ஆறுது."

"நான் இன்னிக்கி வருவேன்னு ஒனக்கு யாருப்பா சொன்னா?"

"நீதான். நேத்து சொன்னியே."

நேற்று அந்த நேரத்தில் அவள் விமானத்தில் இருந்தாள். கிண்டல் பண்ணுகிறார் என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். தட்டில் கருவாட்டுக் குழம்பு இருந்தது. அப்பா ஒருநாளும் அதை வைத்ததில்லை.

"நீ கேட்டன்னுதான் வெச்சேன்," என்றார் ராஜாங்கம். "அம்மா வெக்கிற மாதிரி வேணும்ன. ஒங்கம்மா கைப்பக்குவம் எனக்கு ஏது? ஏதோ இருக்குது, சாப்புடு."

வெண்பா வாயருகே கொண்டுபோன கையை இறக்கினாள். "எப்பப்பா கேட்டேன்?"

ராஜாங்கம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். வெண்பா, வெண்பா, வெண்பா என்று திரை முழுக்க அவள் பெயர். கீழே பழைய அழைப்புகள் நாற்பது விநாடி, ஐம்பது விநாடி என்று இருந்தன. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு மேலே பதின்மூன்று அழைப்புகள், விடுதியில் இருந்த பத்து நாளுக்கும் வழியில் கழிந்த மூன்று நாளுக்கும். எல்லாமே சாயங்காலம் ஆறு மணி. ஐம்பத்திரண்டு நிமிடம், ஒரு மணி பத்து நிமிடம், ஒரு மணி இருபது நிமிடம். லாவோஸில் ஏழரை என்றால் இங்கே ஆறு. அவள் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்த அதே நேரம்.

"அவ்ளோ நேரம் நான் என்னப்பா பேசினேன்?"

"நீ எங்க பேசின? நான்தான் பேசினேன்." ராஜாங்கத்தின் முகத்தில் இப்படி ஒரு பூரிப்பை அவள் பார்த்ததே இல்லை. "நீ கேட்டுகினே இருந்த. லைன்ல இருக்கியான்னா, இருக்கேம்ப்பா, சொல்லும்ப. பின்னாடி தண்ணி ஓடற சத்தம் மட்டும் கேக்கும். ஒரு நாளுகூட நீயா மொதல்ல வெக்கல. எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சி. ஊரு சுத்தப் போயி புள்ளைக்கி நல்ல புத்தி வந்துருக்குதுன்னு நெனச்சிகினேன்."

வெண்பாவுக்கு அழுகை முட்டியது. பயமா, பொறாமையா என்று பிரிக்கத் தெரியவில்லை. எதற்காக வந்தாளோ அதையாவது கேட்டுவிட வேண்டும்.

"அப்பா, அம்மா கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"அதயுந்தான் சொன்னனே பாப்பா, ஞாயித்துக்கெழம. நீயும் அழுத, நானும் அழுதேன்."

"இன்னொரு தடவ சொல்லுப்பா."

"வேணாம்மா. அஞ்சு வருசமா நெஞ்சுல வெச்சிருந்தது. சொல்லிட்டேன், எறங்கிடுச்சி. திருப்பி என்னால ஏத்திக்க முடியாது."

"அது நான் இல்லப்பா," என்றாள். "என் போனு பூட்டுன பொட்டிக்குள்ள கெடந்துச்சி. நான் யார்கிட்டயும் பேசல. ஒன்கிட்ட பேசினது யாருன்னே எனக்குத் தெரியாது."

ராஜாங்கம் அவளை வெகுநேரம் பார்த்தார். சூளையிலிருந்து எடுத்த பீங்கானைக் காதருகே வைத்து விரலால் சுண்டுவது அவர் வேலை. நல்லது கணீரென்று பேசும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்துக் கேட்கும். அப்படிப்பட்டதை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். முப்பது வருடத்தில் அந்தக் காது ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று எஸ்டேட்டில் சொல்வார்கள்.

"எங்க, அப்பான்னு சொல்லு," என்றார்.

"அப்பா."

தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னொரு தடவ."

"அப்பா."

ராஜாங்கம் தலையை நிமிர்த்தினார். போனை மேசைமேல் வைத்துவிட்டு, டீ போட்டு வருவதாக மெல்லிய குரலில் சொல்லி அடுப்படிக்குப் போனார். பாப்பா என்று அவர் கூப்பிடாததை வெண்பா கவனித்தாள். போகிற வழியில் ஷோகேஸ் கண்ணாடியைத் திறந்து, விருந்தாளிகள் வந்தால் மட்டும் எடுக்கிற பீங்கான் கப்பையும் சாஸரையும் எடுத்துக்கொண்டார். அவளுடைய எவர்சில்வர் டம்ளர் அலமாரியில் கவிழ்த்தபடியே இருந்தது.

அவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். அணைந்துதான் கிடந்தது. அதைத் தட்டுக்குப் பக்கத்தில் கண் எதிரே வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஆறு அடித்தது. அப்பாவின் போன் ஒலித்தது. திரையில் வெண்பா என்று வந்தது.

அடுப்படியில் டீ கொதிக்கும் சத்தம் கேட்டது. அவள் சட்டென்று எடுத்துக் காதில் வைத்தாள். முதலில் ஆறுதான் கேட்டது. பத்து நாள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த அதே ஆறு.

"அப்பா, சாப்ட்டியா?" என்றது அவளுடைய குரல். கேட்டுவிட்டு, பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது. அப்படிக் காத்திருக்க வெண்பா என்றுமே கற்றுக்கொண்டதில்லை.

"யாரு நீ?"

"ஓ, நீதானா." அதில் கோபமே இல்லை. "எப்ப கெளம்புற?"

"கெளம்பல. நான் இங்கதான் இருக்கப் போறேன்." சொல்லும்போதே ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் பஸ்ஸுக்கு எடுத்து வைத்திருந்த டிக்கெட் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கத்துக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வெண்பா கெஞ்சினாள். "அம்மா என்ன சொன்னாங்க? அத மட்டும் சொல்லிடு. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

தண்ணீர் ஓடியது.

"அது என்கிட்ட சொன்னது," என்றது குரல். "நீதான் வேணாம்னு அனுப்பிட்டியே."

ராஜாங்கம் டீயோடு வந்தார். கப்பைச் சாஸரோடு அவள் முன்னால் சிந்தாமல் வைத்தார். காதில் இருந்த போனைப் பார்த்தார்.

"யாரு?"

"ராங் நம்பருப்பா," என்றாள் வெண்பா.

"அப்ப வெச்சிடுங்க," என்றார் ராஜாங்கம், மரியாதையாக. "எம் பொண்ணு கூப்புடற நேரம்."