பாடல்கள்: சோமசேகரம்

'ஊரடங்கு' என்ற இசைக்குழு திருகோணமலையில் சரியாக ஏழு வாரம் உயிரோடு இருந்தது. ஆண்டு 1986. துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரன் ஒருவன் அரைப் போத்தல் சாராயத்துக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டுப் போன பங்க் கசெட்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கத்துவதற்கு யோகலிங்கம், கிற்றாருக்குச் சோமசேகரம், டிரம்சுக்குக் கிண்ணியா அபூதாஹிர். சவர்க்காரம் போட்டு மயிரை முள்ளாக நிமிர்த்திக்கொண்டு, கருவாடு அடுக்கும் கிட்டங்கியின் பின்னறையில் மத்தியானம் முழுக்க அலறினார்கள்.

பாட்டெல்லாம் யோகலிங்கம் எழுதியது. 'அவனும் கேப்பான் பேர், இவனும் கேப்பான் பேர், ரெண்டு பேரிட்டையும் துவக்கு' என்ற பாட்டை பஸ் நிலையத்தில்கூட முணுமுணுத்தார்கள். ஆனால் கசெட் அடித்தது சோமு வேலை செய்த ரெக்கோடிங் பாரில், கசெட்டில் பாட்டுப் பதிந்து விற்கும் கடையில். அட்டை எழுதியதும் சோமுதான். நூற்றிருபது அட்டையிலும் அழகான கையெழுத்தில் 'பாடல்கள்: சோமசேகரம்.'

"இடம் காணேல்ல மச்சான். உன்ர பேர் நீளம்," என்றான் சோமு கூசாமல்.

"ரெண்டும் ஆறெழுத்துத்தான், எண்ணிப் பாத்தனான்," என்றான் அபூதாஹிர்.

யோகலிங்கம் சிரிக்கவில்லை. அந்தக் கோபம் அவனுக்கு ஆறவேயில்லை.

ஏழாவது வாரம் இயக்கப் பொறுப்பாளன் குமணன் கிட்டங்கிக்கு வந்தான். இடுப்பில் பிஸ்டல், கையில் கசெட்.

"அவன் எண்டது ஆமி, இவன் எண்டது எங்களைத்தானே? ஆர் எழுதினது?"

யோகலிங்கம் ஒரு அடி பின்வாங்கினான். பிறகு அட்டை கண்ணில் பட்டது. முதல் தடவையாக அந்தப் பெயரைப் பார்க்க அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அதிலயே போட்டிருக்கு அண்ணை. வாசிச்சுப் பாருங்கோ."

வெளிறிப்போன சோமுவைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அபூதாஹிர் டிரம்சைக் கட்டி கிண்ணியாத் துறையில் படகேற்றினான். 'ஊரடங்கு' அதோடு முடிந்தது.

மூன்றாம் நாள் சோமு திரும்பி வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. புதுச் சேர்ட் வேறு.

"பாட்டு அவையளுக்குப் பிடிச்சுப் போச்சடா. தங்களுக்கும் எழுதட்டாம். கவிஞர் எண்டு கதிரை போட்டவங்கள்." அவன் யோகலிங்கத்தின் கையைப் பிடித்தான். "வெள்ளிக்கிழமைக்கு ஒரு பாட்டு வேணுமாம். எனக்கு ஒரு வரி வராது. பொய் சொன்னவனுக்கு என்ன நடக்கும் எண்டு, கம்பத்தில கட்டிச் சுட்டு மட்டை மாட்டின ஒருத்தனையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினவங்கள். எழுதித் தா மச்சான், உன்ர காலைப் பிடிக்கிறன்."

கவிஞர். கதிரை. யோகலிங்கத்துக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. அவன் உட்கார வேண்டிய கதிரை அது.

"தாறன். முதல்ல தேத்தண்ணிக் கடையில எல்லாற்ற முன்னாலயும் சொல்லு, ஒரு பாட்டும் உன்ரது இல்லையெண்டு."

"அவையின்ர ஆக்கள் இருப்பினமடா."

"அப்ப நீயே எழுது."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான். சோமு போய்ச் சொன்னான். உப்புவெளிச் சந்திக் கடையில், காலை பத்து மணிக்கு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யோகலிங்கம் பிளேன்ரீயை ஆறுதலாக உறிஞ்சினான்.

கோப்பை காலியாகுமுன் குமணன் வந்துவிட்டான். சோமுவை எதிரே இருந்த மின்கம்பத்தில் கட்டினார்கள்.

"எல்லாம் நீ எழுதினதோ?" குமணன் யோகலிங்கத்திடம் கேட்டான்.

"ஓம் அண்ணை."

"நல்லது. அப்ப எழுது." கயிறு கோத்த காட்போட் மட்டையும் பெயின்ற் தூரிகையும் கைக்கு வந்தன. "'இயக்கத்தை ஏமாற்றிய துரோகி.' வடிவாப் போடு."

"யோகன்," என்று கம்பத்திலிருந்து சோமு கூப்பிட்டான். "அண்டைக்கு நீயும்தானே பொய்..."

குமணன் திரும்பிப் பார்த்தான். யோகலிங்கம் அவசர அவசரமாக எழுதத் தொடங்கினான்.

எழுதி முடித்ததும் குமணன் எட்டி நின்று வாசித்தான்.

"கீழ உன்ர பேரைப் போடு. எழுதினவன் ஆரெண்டு சனத்துக்குத் தெரியவேணுமெல்லே."

யோகலிங்கம் போட்டான். மட்டையை நீட்டினான். குமணன் வாங்கவில்லை.

"போய்க் கழுத்தில மாட்டு."

கயிற்றை மாட்ட வசதியாக, சோமு தலையைக் குனிந்து கொடுத்தான்.