துள்ளாத டோலி

பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் பின்னால் இருந்த சின்னுசாமியின் பட்டறை முன்பு 1936 தை மாதத்தில் ஒரு கார் வந்து நின்றது. காரில் பழுது ஒன்றும் இல்லை. இறங்கியவர் அருணாசலம். கொல்லிமலைக்கு மோட்டார் ரோடு போட முடியுமா என்று அளந்து பார்க்க வந்த இஞ்சினீயர். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டேதான் பேசினார்.

"நாலு பேர் தூக்கற டோலியிலே நாலு தரம் மலை மேலே போய் வந்தாச்சு. ஒவ்வொரு படிக்கும் முதுகு நொறுங்குது. இந்தக் காரிலே குண்டும் குழியுமா வந்தேன், மடியிலே இருந்த பேப்பர்கூடக் கலையலே. டோலிக்கும் அந்த மாதிரி ஸ்பிரிங் வைக்க முடியுமா?"

சின்னுசாமி சேலத்தில் ஒரு மோட்டார் ஷெட்டில் ஏழு வருஷம் வேலை கற்றுவிட்டு ஊர் திரும்பியவன். இங்கே மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்டே பொழுது போய்க்கொண்டிருந்தது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தான். அடுக்கடுக்கான ஸ்பிரிங் பட்டைகளுக்குப் பக்கத்தில், ஒன்றோடொன்று உரசும் வட்டத் தட்டுகளோடு ஒரு இரும்புக் கை இருந்தது. ஷாக் அப்சார்பர். அதன் வேலை அவனுக்குத் தெரியும். ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும். வாங்கியதைத் திருப்பியும் கொடுக்கும். அந்தத் துள்ளலை அடக்குவது இந்தத் தட்டுகள்தான்.

"முடியுங்க" என்றான் எழுந்து. "ஆனா ஸ்பிரிங்கு மட்டும் வெச்சாத் துள்ளுமுங்க. இந்தத் தட்டும் வேணும்."

"அது மெட்ராஸிலேருந்து வரணும். அடுத்த வாரம் நான் மேலே போயாகணும். இப்போ ஸ்பிரிங்கை மட்டும் வையும்."

சரிங்க என்றான். மூளையைப் போட்டுச் செய்கிற வேலை கைக்கு வந்து வருஷக்கணக்காகியிருந்தது. அதை விட அவனுக்கு மனமில்லை.

ஒரு பழைய லாரியின் பட்டைகளை அறுத்து, டோலி நாற்காலிக்கும் அதைத் தாங்கும் மூங்கிலுக்கும் நடுவே நான்கு மூலையிலும் பொருத்தினான். ஒரு மணங்கு எடை, ஒரு சின்னக் குழந்தையின் கனம், கூடிவிட்டது. சந்தைத் திடலில் வைத்து வெள்ளோட்டம் பார்த்தார்கள். மலைமேல் வாழவந்தி நாட்டிலிருந்து வந்த நான்கு பேர் தூக்கினார்கள். இஞ்சினீயர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு, தூளியில் கிடக்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

முன்பக்கம் தூக்கியவன் மாதன். இறக்கி வைத்த பிறகு தோளைத் தேய்த்தபடி பட்டறைக்குள் வந்தான்.

"ஏனுங்க மேஸ்திரி, மூங்கிலு எங்க காலுக்குத் தகுந்தாப்பல அசையுமுங்க. இது எங்க காலைக் கேக்க மாட்டேங்குது. தனியாக் குதிக்குது."

சொல்லத் தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னான். சின்னுசாமிக்கு அது புரிந்தது.

"போகப் போகப் பழகிடும் மாதா" என்றான்.

ஏற்றத்தில் ஒன்றும் ஆகவில்லை. நடை மெதுவாக இருந்ததால் துள்ளல் தெரியவில்லை. மேலே மூன்று நாள் வேலை. தன் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கச் சின்னுசாமியும் கூடவே போயிருந்தான். நான்காம் நாள் காலையில் இறங்கினார்கள். இறக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் நாற்காலி ஒரு முறை அமுங்கி எழும்பியது. முதல் துள்ளல் அடங்குவதற்குள் அடுத்த படி வந்தது. துள்ளலோடு துள்ளல் சேர்ந்துகொண்டே போனது. பின்னால் வந்த சின்னுசாமி இஞ்சினீயரின் தலை ஏறி இறங்குவதைப் பார்த்தான். நிறுத்தச் சொல்ல வாயெடுப்பதற்குள் மாதனின் கால் படி தவறி அந்தரத்தில் இறங்கியது.

மூங்கில் மாதனின் இடுப்பின் மேல் விழுந்தது. நாற்காலி கல்லில் மோதி, ஸ்பிரிங்கின் மேல் இரண்டு முறை எழும்பி, அப்படியே நின்றது. இஞ்சினீயரின் மூக்குக்கண்ணாடிகூடக் கழலவில்லை.

"ஸ்பிரிங் இல்லாம இருந்தா என் கதை முடிஞ்சிருக்கும்" என்றார் அவர், ஆச்சரியத்தோடு.

மாதனின் வலது கால் தொடையிலிருந்தே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

"சார், இவனை டோலியிலே வெச்சுக் கொண்டுபோயிடலாமுங்க. நீங்க கொஞ்சம்..." என்றான் சின்னுசாமி.

"எனக்கும் இடுப்பு பிடிச்சிருக்கு. ரோடு அளந்த படமெல்லாம் சாயங்காலத்துக்குள்ளே கீழே போகணும். அவனுக்கு வேறே ஏற்பாடு பண்ணுங்க."

சாமான் தூக்கி வந்த ஒருவன் மாதனின் இடத்தில் தோள் கொடுத்தான். படிக்குப் படி நின்று மெதுவாக இறங்கச் சொன்னார் இஞ்சினீயர். டோலி முன்னே போனது. கம்பளியை ஒரு கழியில் கட்டி, மாதனை அதில் கிடத்தி, ஒரு முனையை இன்னொரு சுமைக்காரனும் மறுமுனையைச் சின்னுசாமியும் தூக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் மாதன் போட்ட சத்தம் கழி வழியாகச் சின்னுசாமியின் தோளில் இறங்கியது. பாதி மலைக்குப் பிறகு சத்தம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் உயிர் தங்கியது. கால் குட்டையாகிவிட்டது. இனிமேல் சுமை தூக்க முடியாது என்றார்கள்.

அடுத்த வாரம் இஞ்சினீயர், விபத்தைப் பற்றிச் சர்க்காருக்கு எழுதிய ஒரு காகிதத்தோடு வந்தார். தூக்கியவன் கள் குடித்திருந்ததால் கால் தவறினான் என்று அதில் எழுதியிருந்தது. சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார்.

"அவன் குடிச்சிருக்கலீங்களே."

"அப்போ ஸ்பிரிங் கோளாறுன்னு எழுதட்டுமா? செஞ்சது யாருன்னு கேப்பாங்க."

சின்னுசாமி கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

பங்குனியில் மெட்ராஸிலிருந்து ஷாக் அப்சார்பர் வந்தது. பொருத்தினான். இன்னும் அரை மணங்கு கூடியது. துள்ளல் சுத்தமாக அடங்கிவிட்டது. அவன் கையால் செய்ததில் அதுதான் மிக நல்ல வேலை. இறக்கத்தில் இஞ்சினீயர் குறட்டை விட்டுத் தூங்கினார். தூக்கியவர்களுக்கு மட்டும் தோள் புண்ணாகிச் சீழ் வைத்தது. மலைப் பயணம் இப்போது சிரமமின்றி நடப்பதால் ரோடு அவசரமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வேறு ஊருக்குப் போனார்.

ஆனி மாதச் சந்தை நாளில் மாதனின் மனைவி பெருமாயி பட்டறை வாசலில் கூடையை இறக்கினாள். பெரிய பலாப்பழம் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு குடுக்கச் சொன்னாருங்க. அன்னிக்கு நீங்க தோளு குடுக்கலீன்னா காட்டுலயே போயிருப்பேன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு."

"இப்ப எப்படி இருக்கான்?"

"குந்திக்கிட்டே மொளகு பொறுக்கறாருங்க. குடிச்சிருந்தான்னு சர்க்காருல எழுதிட்டாங்களாமா. அதைத்தான் தாங்க மாட்டேங்கறாரு. கள்ளு தொடாத மனுசனுங்க."

சின்னுசாமி பழத்தைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னான். டோலி துள்ளும் என்று முதல் நாளே தனக்குத் தெரியும் என்றான். மாதன் வந்து கேட்டபோது பழகிவிடும் என்று சொன்னதையும், அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டதையும் சொன்னான்.



"தெரிஞ்சும் தூக்கச் சொன்னீங்களா?" என்றாள் பெருமாயி.

"ஆமா."

"டோலி தூக்கிக்கிட்டு மேலே வந்தன்னிக்கே அவரு எங்கிட்டச் சொன்னாரு. மேஸ்திரி படிச்சவரு, பழகிடும்னு சொல்லிட்டாரு, அப்பறம் என்னன்னு."

குனிந்து பழத்தை எடுத்துக் கூடையில் வைத்தாள். சும்மாட்டைச் சரிசெய்து, யாரையும் கை கொடுக்கக் கூப்பிடாமல் தானே கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தாள்.