சூடாக்காத லினோலியம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. நண்பர் ஒருவர் விளையாட்டாக எழுதிய முதல் புத்தகத்தை ஊரே மெச்சியது. நான் "ரொம்ப சந்தோஷம்" என்று கையைக் குலுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து வயிறெரிந்து உட்கார்ந்தேன். என் வயிற்றெரிச்சலை யார் படிப்பார்கள்? அதனால் அதை ஓர் அச்சுக்காரியின் தலையில் கட்டுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "தரையில் விரிக்கும் லினோலியத்தைச் செதுக்கி, மை உருட்டி, தாளில் அமுக்கி, பல வருடமாகப் பூக்களும் பறவைகளும்..."

(வேண்டாம். பாவம் பார்க்க வைக்கிறது. அவளுக்கு அது பிடிக்காது.)

இரண்டாவது: "அவள் கணவன் கணக்கர். பொழுது போகாமல், போன மழைக்காலத்தில்தான் அவளுடைய உளியைக் கையில் எடுத்தான்."

இது நிற்கட்டும். கடுப்பு இங்கேதான் இருக்கிறது.

3

கண்காட்சிக்குப் படம் தேடி வந்த அம்மாள் அவளுடைய அச்சுகளைப் புரட்டி, "நல்லாருக்கு" என்றாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். குனிந்து செதுக்கும் ஒரு பெண்ணின் முகம். மஞ்சளும் சிவப்பும் ஏறியிருந்தன, கறுப்பு பாக்கி.

"இது யாரு பண்ணது?"

"சும்மா... இவளைப் பாத்து வெட்டினேங்க" என்று நெளிந்தான் கணவன்.

"முடிச்சுக் குடுங்க. நுழைஞ்சதும் முதல் சுவர்ல மாட்டிடலாம்."

அந்த முதல் சுவரில் அவள் தன் பறவைகளை மனதுக்குள் எத்தனையோ முறை மாட்டிப் பார்த்திருக்கிறாள். உள்ளே பற்றி எரிந்தது. வெளியே சிரித்தாள். (அந்தச் சிரிப்பை எழுத நான் சிரமப்படவில்லை.)

4

கறுப்புக்கு முன், கண்ணோரத்தில் கடைசி வெட்டு.* அவன் உளியை எடுத்து, திரும்பக் கீழே வைத்தான்.

"நீயே வெட்டிடேன்மா. உனக்குத்தான் கை நிக்கும்."

"நான் கெடுத்துட்டா?"

"நீயாவது, கெடுக்கறதாவது!"

அந்த நம்பிக்கை அவளை இன்னும் எரித்தது.

லினோலியம் சில்லிட்டுக் கிடந்தது. இஸ்திரிப் பெட்டியால் லேசாகச் சூடு காட்டினால் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். இல்லாவிட்டால் உளி வழுக்கும். இது அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அவள்தான் சத்தமில்லாமல் சூடாக்கி வைப்பாள். இன்று இஸ்திரிப் பெட்டி அலமாரியிலேயே இருந்தது.

(* எல்லா நிறத்துக்கும் ஒரே லினோலியப் பலகைதான். ஒரு நிறம் அச்சிட்டு, மேலும் செதுக்கி, அதே தாள்களின் மேல் அடுத்த நிறம். கை தவறினால் கொடியில் தொங்குவது அத்தனையும் வீண்.)

5

முடிவு ஒன்று: உளி வழுக்குகிறது. அவன், "போனாப் போகுது, உனக்கு அடிபடலையே?" என்கிறான். (இந்த முடிவைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். இவ்வளவு நல்லவனாக இருந்தால் எனக்கே ஆத்திரம் வருகிறது.)

முடிவு இரண்டு: அவள் மனம் மாறி, இஸ்திரிப் பெட்டியை எடுத்து

(பொய். நண்பரின் புத்தகத்தை நான் இன்னும் பிரிக்கவே இல்லை.)

6

எனக்கு அந்தப் படம் கெட வேண்டும் என்றிருக்கிறது. ஆகவே முடிவை என்னிடம் விடாதீர்கள். பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

லினோலியம் வெட்டுகிறவர்களுக்கு முதல் பாடம், மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது. அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

சூடாக்காத பலகையில் உளியை வைத்தாள். பிறகு இடது கையை எடுத்து, உளிக்கு நேர் எதிரே, பலகையில் அவன் செதுக்கியிருந்த தன் முகத்தின் மேல் பொத்தி வைத்துக்கொண்டாள். வழுக்கினால் முதலில் அந்தக் கைதான்.

இனி நீங்கள் அழுத்துங்கள்.