பக்கத்து இருக்கைப் பனி

பேய் பிடித்த வண்டி என்று எதுவும் கிடையாது. ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளாத வண்டிதான் உண்டு. பட்டறை வைத்துப் பிழைக்கும் நான் இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். என் தம்பி மனைவியிடம் மட்டும் அது செல்லுபடியாகவில்லை.

தம்பி போன குளிர்காலத்தில் இறந்துபோனான். நெஞ்சுச் சளி முற்றிவிட்டது. அவனுடைய காரிலேயே நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். என் பக்கத்து இருக்கையில் கதவோரம் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் மல்லுக்கட்டிக்கொண்டு வந்தான். பின்னால் இருந்த அவள் அவன் தோளைவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. வாசலை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வேலைக்குப் போக வேண்டும், மகளைப் பள்ளியில் விட வேண்டும். இந்த வருஷக் குளிர் தொடங்கியதும் முன்கண்ணாடியில் பாதி மட்டும் பனித்தது. பக்கத்து இருக்கைக்கு நேரான பாதி. அந்த இருக்கையில் அவள் யாரையும் உட்கார விடுவதில்லை, மகளைக்கூட.

"அவர்தான் மாமா மூச்சு விடுறாரு," என்றாள் என்னிடம். "அன்னிக்கு விட முடியாத மூச்சு. இப்பவாவது நிம்மதியா விடட்டுமே. துடைக்க எனக்கு மனசு வரல."

துடைக்காமலே ஓட்டினாள். அந்தப் பக்கமிருந்து சாலையைக் கடந்த ஒரு பெரியவர் மயிரிழையில் தப்பினார். மகள்தான் எனக்குப் போன் செய்தாள். "பெரியப்பா, நான் இனிமே அந்தக் கார்ல ஏறமாட்டேன். அம்மாவுக்கு ஒரு பக்கம் கண்ணே தெரியல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. போனவனுக்காக இருக்கிற பிள்ளையைக் காவு கொடுப்பாளா? வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவா, இல்லாவிட்டால் சாவியைப் பிடுங்கிக்கொள்வேன் என்று கத்திவிட்டேன்.

கொண்டுவந்தாள். மகள் சொன்ன சொல் தவறாமல் தூறலில் நடந்தே வந்து, என் அலுவலக அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். பிடிவாதத்தில் அப்படியே அப்பனை உரித்து வைத்திருக்கிறாள்.

முற்றத்தில் நின்ற வண்டியில் ஏறி, இன்ஜினைச் சூடாக்கி டிஃப்ராஸ்டரைப் போட்டேன். கண்ணாடியின் அடியில் நீளவாக்கில் இருக்கும் இடுக்கு வழியாகச் சூடான காற்று மேலே ஊதிப் பனியை விரட்ட வேண்டும். விசிறி ஓடியது. சூடும் இருந்தது. ஒரு காகிதத் துண்டைக் கிழித்து இடுக்கின்மேல் பிடித்தேன். ஓட்டுகிறவர் பக்கம் படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் கொண்டுபோனதும் துவண்டு தொங்கியது.

"பாத்தியா? இங்க காத்து வரல. அவ்வளவுதான் சமாச்சாரம்."

அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை, இருக்கையைத்தான் பார்த்தாள். "அவர் இருந்தப்பவும் அங்க பனிக்கும் மாமா. அப்ப அங்க நான் உக்காந்திருந்தேன். இப்ப யாரு உக்காந்திருக்கா?"

பட்டப்பகலில் நானும் ஒருமுறை அந்த இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். திருப்புளியை எடுத்து டாஷ்போர்டின் மேல்மூடியைக் கழற்றினேன்.

காற்றுக் குழாயின் வாயில் ஏதோ அடைத்திருந்தது. எலிக்கூடு என்று நினைத்து இழுத்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் கை. இறுக்கிச் சுருட்டி, பிரியாமல் கம்பியால் கட்டி, குழாய்க்கு அளவாகச் செருகியிருந்தது. முடிச்சைப் பார்த்ததுமே தம்பியின் வேலை என்று தெரிந்தது. சிறு வயதிலிருந்து செருப்பு வார் முதல் தண்ணீர்க் குழாய் வரை எல்லாவற்றையும் இப்படித்தான் கட்டுவான்.

அவள் அதை வாங்கி முகத்தோடு அழுத்திக்கொண்டாள். "சூடு காத்து பட்டா கண்ணு எரியுதுன்னு தினமும் புலம்புவேன் மாமா. ஒரு நாள் சரி பண்ணிட்டேன்னாரு. எப்படின்னு நான் கேக்கவே இல்ல."

அண்ணன் மெக்கானிக், தம்பி கந்தலை அடைத்து ரிப்பேர் செய்திருக்கிறான். உயிரோடு இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பேன். குட்டுவதற்கு அவன் இல்லை.

மூடியை மாட்டினேன். இப்போது காகிதம் இரண்டு பக்கமும் பறந்தது. அவள் முகம் தெளியவில்லை.

"துணி வச்சது அவரு. சரி. பனி யாரோடது?"

"உன் மூச்சு, பொண்ணு மூச்சு, ஈரச் செருப்பு. வேற யாரோடது?"

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

எரிச்சலோடு டிஃப்ராஸ்டரை அணைத்தேன். கதவைத் திறந்து, பக்கத்து இருக்கையில் அவளை உட்காரச் சொன்னேன். தயங்கினாள், பிறகு, யார் மடியிலோ உட்காருவதுபோல மெல்ல உட்கார்ந்தாள். நான் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, ஜன்னல்களை ஏற்றிவிட்டுக் கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்தேன்.

"ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்குவோம். அவன் இருந்தா, கண்ணாடி தானாப் பனிக்கட்டும்."

பிடித்துக்கொண்டோம். கண்ணாடி தெளிவாக இருந்தது. தூறல் வெளியே வழிந்தது. உள்ளதைச் சொன்னால், எனக்கும் ஆசையாக இருந்தது. ஒரு கைக்குட்டை அளவுக்காவது பனித்துவிடேன்டா என்று மனதுக்குள் கெஞ்சினேன். பனிக்கவில்லை. எனக்கு மூச்சு முட்டியது, என் பக்கத்துக் கதவை ஒருக்களித்துத் திறந்து வெளியே மூச்சை விட்டேன்.

அவள் விடவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு கறுத்தது. தம்பியின் உதடும் அன்றைக்கு அப்படித்தான் கறுத்தது.

"போதும், விடு!"

தலையை ஆட்டி மறுத்தாள். தோளைப் பிடித்து உலுக்கினேன். "விடும்மா! மூச்சை விடு!"

விட்டாள். அவளுக்கு நேரே கண்ணாடி வெள்ளையாகப் பூத்தது. இழுத்து விட்ட அடுத்த மூச்சில் இன்னும் பெரிதானது. அவள் அதை விரலால் தொட்டாள்.

"என்னோடதுதானா?"

"உன்னோடதுதாம்மா."

வாய்விட்டு அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அழ அழக் கண்ணாடி முழுக்க வெளுத்து, வெளியே ஒன்றும் தெரியாமல் போனது. நானும் அழுதேன். பிறகு அவளே கையை நீட்டி டிஃப்ராஸ்டரைப் போட்டாள்.

அடியிலிருந்து பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. முதலில் ஈரத் தரை தெரிந்தது, அப்புறம் பள்ளிக்கூடக் காலணிகள். முன்கண்ணாடியில் அவள் பக்கத்துப் பாதிக்கு நேரே, சற்றுத் தள்ளி, தூறலில் நனைந்தபடி, மகள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஐயோ," என்றாள் என் பக்கத்தில் இருந்தவள். "எவ்வளவு நேரமா அங்க நிக்கிறா?"