பேரீச்சம்பழத்துக்குப் போட்ட துப்பாக்கி

எங்கள் ஊரில் துப்பாக்கிச் சத்தம் கேட்காமல் எதுவும் தொடங்காது. தும்மல், கொட்டாவி, பால் பொங்குவது போன்ற சின்ன விஷயங்கள் தாமாக நடந்துகொள்ளும். மற்றபடி கல்யாணச் சமையல், போர்வெல், காதல், மழை, பிரசவ வலி எதுவானாலும் யாராவது எங்கள் வீட்டு வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். குண்டு கிடையாது, சத்தம் மட்டும்தான். அவர் கீழே வந்து கை கழுவுவதற்குள் சொன்ன காரியம் தொடங்கியிருக்கும்.

துப்பாக்கி வெள்ளைக்காரன் காலத்தது. என் மாமனார் வழியாக வந்தது. அது ஒழுங்காக வேலை செய்து நான் பார்த்ததில்லை. நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, அரைப்பரீட்சை அன்று வெடி நமுத்துவிட்டது. முன்பெஞ்சுகள் வரை பரீட்சை தொடங்கியது. என் பெஞ்சுக்கு வரவில்லை. குமாரசாமி சார் என் வினாத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தொடங்கும்போது சொல்கிறேன் என்றார். தொடங்காத பரீட்சையில் எப்படித் தேறுவது? வீட்டில் உட்கார வைத்தார்கள். பிறகு அந்தத் துப்பாக்கி வீட்டுக்கே கட்டிக்கொடுத்தார்கள். சார் ரிட்டையர் ஆகிவிட்டார். இப்போதும் கடைவீதியில் பார்த்தால், “படிச்சுக்கிட்டே இரு மரகதம், எப்ப வேணாலும் தொடங்கும்” என்பார். சரிங்க சார் என்பேன்.

இந்த நிலையில்தான் என் மகள் கோகிலா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். டாக்டரம்மா நாள் குறித்துக் கொடுத்து, “அன்னைக்கு நீங்களே வெடிச்சுட்டுக் கூட்டிட்டு வந்துருங்க” என்று சொல்லி அனுப்பினார். எனக்கு அன்றோடு நிம்மதி போயிற்று. துப்பாக்கியின் ஸ்பிரிங் தொய்ந்துபோயிருந்தது. விசையை இழுத்தால் ஓங்கி அடிக்க வேண்டிய ‘குதிரை’ என்கிற சுத்தி, பாதி வழியில் களைத்து விழுந்தது. முந்தின முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வெடித்தபோது சத்தம் பாதிதான் வந்தது. சோறு வெந்தது, சாம்பார் கொதிக்கவில்லை. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார், கட்டத் தொடங்கவில்லை. இன்னொரு வெடி வெடிக்கும்வரை கையை நீட்டியபடி நின்றார். பெண் வீட்டார் நல்லவர்கள். அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

“பேசாம புதுசா ஒண்ணு வாங்கிப் போடுங்க” என்றேன்.

“புதுசா? இந்த உடம்பு எங்க கிடைக்கும்?” என்று துப்பாக்கியைத் தடவினார். “உடம்பு இருக்கட்டும் புள்ள. உள்ள இருக்கறத மாத்தீட்டாப் போதும்.”

அதன்பிறகு அவர் செல்போனைக் கீழே வைக்கவில்லை. எந்த நாட்டுக்காரரோ ஒருவர், இதே மாதிரித் துப்பாக்கியைப் பிரித்துப் பிரித்து மாட்டுகிற வீடியோவைச் சாப்பிடும்போதும் பார்த்தார். பார்சல்கள் வரத் தொடங்கின. கோயம்புத்தூரிலிருந்து ஸ்பிரிங் வந்தது. சேலத்திலிருந்து குதிரை, விசை, திருகுகள் வந்தன. கைப்பிடிக்கு மைசூரிலிருந்து இரண்டு ரோஸ்வுட் பலகைகள். குழலின் நுனியில் குறிபார்ப்பதற்கு, இருட்டிலும் மின்னும் பச்சைப் புள்ளி ஒன்று.

“நீங்க சுடறது வானத்தப் பாத்து. அதுக்கு எதுக்குங்க குறி?”

“வானம் தப்பிச்சுரக் கூடாதில்ல” என்றார்.

கூடத்தில் செய்தித்தாளை விரித்துத் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டார். கோகிலா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, அப்பா கேட்கிற திருகை எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அந்தப் பக்கம் போகவே பயமாக இருந்தது. அவளுக்கு நாள் நெருங்குகிறது. அவளைத் தொடங்கி வைக்க வேண்டிய சாமான் பொரிகடலை மாதிரி தரையில் சிதறிக் கிடக்கிறது.

“ஏனுங்க, இத்தனையும் திரும்ப ஒண்ணாச் சேருமா?”

“பழசுலயே வெடிச்சா பாதிப் புள்ளதான் பொறக்கும். பரவால்லையா?”

“அம்மா, மேல் பாதியா கீழ் பாதியான்னு கேட்டுச் சொல்லு” என்றாள் கோகிலா. இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கிக்குப் புதுப் பாகம் வந்தால் மாட்டுவதற்கு முன் அதைத் தட்டில் வைத்து, மஞ்சள் தொட்டு, நான்கு வீதிக்கும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இது தண்ணீர்த் தொட்டி, இது பள்ளிக்கூடம், இவர் இன்னார் என்று சொல்ல வேண்டும். ஊரைத் தெரியாத இரும்பு யாருக்காக வெடிக்கும்? என் மாமனார் ஒரு சின்ன ஆணியைக்கூட அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார். இவரிடம் சொன்னேன்.

“பார்சல்ல வந்த வழியில அது பத்து ஊரப் பாத்துட்டு வந்திருக்குது. இனி என்னத்தக் காட்டறது?” என்றார். தட்டோடு வீதியில் நடக்க அவருக்கு வெட்கம். அதைச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் பழைய இரும்புக்காரர் வந்தார். தொய்ந்த ஸ்பிரிங், தேய்ந்த குதிரை, பழைய விசை எல்லாவற்றையும் இவர் வாரி அந்த ஆளின் தராசில் போட்டுவிட்டு, கை நிறையப் பேரீச்சம்பழம் வாங்கி வந்தார்.

“சாப்புடு கண்ணு. ரத்தம் ஊறும்.”

கோகிலா ஒன்று விடாமல் சாப்பிட்டாள். “லேசா எண்ணெ வாசம் அடிக்குதும்மா” என்றாள். மாசமாக இருந்தால் அப்படித்தான் என்றேன்.

குறித்த நாள் வந்தது. பை கட்டி வைத்தேன். ஆட்டோவை வாசலில் நிறுத்தச் சொன்னேன். அவர் மாடிக்குப் போய் வெடித்தார். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. முழுச் சத்தம். பாத்திரங்கள் நடுங்கி நின்றன. நான் கோகிலாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“ஒண்ணும் ஆகலியேம்மா.”

செல்போன் அடித்தது. குதிரை அனுப்பிய சேலத்துக்காரர். “அண்ணா, இப்பத்தானுங்க என் சம்சாரத்துக்கு வலி எடுத்துச்சு. இன்னும் நாள் இருந்துச்சு, பரவால்ல, ரொம்ப நன்றிங்க. சத்தம் அருமை” என்றார்.

மறுபடி வெடித்தார். கோயம்புத்தூரில் ஸ்பிரிங் கடைக்காரருடைய மச்சினனுக்கு நெடுநாளாக நின்றுபோயிருந்த பெண் பார்க்கும் படலம் தொடங்கிற்று. இன்னொன்று வெடித்தார். மைசூரிலிருந்து ஒருவர் கன்னடத்தில் வெகு நேரம் நன்றி சொன்னார். அங்கே என்ன தொடங்கியது என்று எங்களுக்குப் புரியவில்லை. நல்லது என்று சொல்லி வைத்தோம்.

எங்கள் ஊர் அப்படியே நின்றது. எதிர்வீட்டுத் துளசிமணி தன் நாத்தனாரோடு சண்டை போடுவதற்கு என்று எங்களிடம் சொல்லி வைத்திருந்தாள். சேலையை இழுத்துச் செருகி, வாயைப் பாதி திறந்து, வாசலில் தயாராக நின்றாள். நாத்தனாரும் எதிரில் நின்றாள். வெயில் ஏற ஏற அவர்களுக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருவரும் குடித்துவிட்டு அதே இடத்தில் நின்றார்கள்.

“ஏனுங்கக்கா, இன்னும் எவ்வளவு நேரமாகும்? சொல்ல வேண்டியது மறந்துரும் போலிருக்குது” என்றாள் துளசிமணி.

“பழச எடுத்து மாட்டுங்க” என்று இவரிடம் சொன்னேன்.

அவர் கோகிலாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பழசு அவள் வயிற்றில் இருந்தது. இரும்புக்காரர் எந்த ஊர் போனார் என்று யாருக்கும் தெரியாது.

நாள் தாண்டிவிட்டது. அடுத்த நாளும் தாண்டியது. டாக்டரம்மா போனில், “என்னம்மா, துப்பாக்கிய வெச்சுக்கிட்டு வெளையாடறீங்களா? தாய்க்கும் ஆகாது, புள்ளைக்கும் ஆகாது” என்று சத்தம் போட்டார். அவள் வயிற்றில் கை வைத்தால் குழந்தை அசைந்தது. அசைவு முன்பைவிடக் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும் என்று இவர் சொன்னார். சொன்னாரே தவிர, அவரும் கை வைத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் எடுக்காமல் இருந்தார்.

“பிரிங்க” என்றேன்.

மறுபடி செய்தித்தாளை விரித்துத் துப்பாக்கியைப் பிரித்தார். நான் எவர்சில்வர் தட்டில் ஒவ்வொன்றாக அடுக்கி மஞ்சள் தொட்டு வைத்தேன். கோகிலாவும் செருப்பை மாட்டினாள். “நடந்தா நல்லதுதானேம்மா” என்றாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு என்னோடு வந்தாள். அவர் வாசல் வரைக்கும் வந்து, செருப்பைத் தேடுவது போலக் கொஞ்ச நேரம் நின்று, பிறகு எங்கள் பின்னாலேயே வந்தார்.

ஸ்பிரிங்குக்குத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். குதிரைக்குப் பஸ் ஸ்டாண்டைக் காட்டினேன். டீக்கடை ரத்தினவேலு எட்டிப் பார்த்து, “மரகதக்கா, தட்டெல்லாம் தூக்கிட்டு? துப்பாக்கிக்குப் பொண்ணு பாக்கப் போறீங்களா?” என்றார்.

“இவர்தான் ரத்தினவேலு. டீயில தண்ணி ஜாஸ்தி ஊத்துவாரு” என்று பச்சைப் புள்ளியிடம் சொன்னேன்.

“அதைய எதுக்குங்க அதுங்கிட்டச் சொல்றீங்க?”

“ஊரத் தெரிஞ்சுக்கணுமில்ல.”

ரேஷன் கடையில் வரிசை நின்றிருந்தது. ஒவ்வொருவரும் தட்டைப் பார்த்துத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். ஒருவர் ரோஸ்வுட் பலகையிடம் தன் மூட்டுவலியைப் பற்றியும் சொன்னார். தாலுகா ஆபீஸ் திருப்பத்தில் குமாரசாமி சார் நின்றிருந்தார். விசையைக் கையில் எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பத்திரமாகத் தட்டில் வைத்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“படிச்சுக்கிட்டு இருக்கியா?”

“இவ பிரசவம் முடியட்டுங்க சார்.”

கடைசியில் கோகிலாவின் வயிற்றுக்கு முன்னால் தட்டை நீட்டினேன். “இது என் மக. உள்ள இருக்கறது அவ புள்ள. இவங்களுக்காகத்தான் உங்களயெல்லாம் வரவழைச்சது” என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு விளம்பரத்தைப் படித்தார்.

வீட்டுக்கு வந்து மாட்டினார். வெடித்தார். எதிர்வீட்டில் துளசிமணியின் வாய் முழுதாகத் திறந்தது. கோகிலா என் கையைப் பிடித்து நசுக்கினாள். “அம்மா” என்றாள். ஆட்டோ கிளம்பியது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது சேலத்துக்காரர் மறுபடி போன் பண்ணினார். “அண்ணா, எங்களுக்குப் பொறந்தாச்சுங்க. ஆனா இப்ப லேசா ஒரு வலி வந்துட்டுப் போகுதுங்கறா. கொஞ்சம் என்னன்னு பாருங்க” என்றார். இவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். தட்டில் வைக்க மறந்த ஒரு சின்னச் சேலத்துத் திருகு விரலில் வந்தது. அதன் ஜோடியை ஊரைக் காட்டாமலே துப்பாக்கியில் மாட்டியிருந்தார். கையிலிருந்ததை உயர்த்திப் பிடித்து, வராண்டாவை ஒரு முறை சுற்றிக் காட்டினார். அன்றைக்கு எனக்குத் திட்டுவதற்குத் தெம்பு இல்லை.

பெண் குழந்தை. முழுதாகப் பிறந்தது, மேல் பாதியும் கீழ் பாதியும். கால் விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நான் அழுதேன். அதற்குள் குழந்தையும் அழுதது. அழுதவுடன் வார்டில் நின்றுபோயிருந்த ஃபேன் சுற்றத் தொடங்கியது. கீழே சும்மா நின்றிருந்த பஸ் புறப்பட்டது. நர்ஸ் ஜன்னலைச் சாத்தினார். வெளியே மழை.

“என்ன குடுத்தீங்க பொண்ணுக்கு?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“பேரீச்சம்பழமுங்க” என்றார் இவர். டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு துப்பாக்கிக்கு வேலை இல்லை. அவர் அதைத் துடைத்து டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கரண்ட் போனால் பச்சைப் புள்ளி தெரியும். ஊர்க்காரர்கள் இப்போது தொட்டிலிடம் வந்து காரியத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்கள். சிலருக்கு அவசரம். “லேசா ஒரு கிள்ளு கிள்ளுங்கக்கா, போர்வெல் வண்டி நிக்குது” என்பார்கள். பச்சைப் பிள்ளையைக் கிள்ளுவார்களா என்று எல்லோரையும் விரட்டிவிடுவேன். பசித்து அழும்போது தொடங்கட்டும்.

நேற்று மதியம் குழந்தை எழுந்து, வீடே அதிரும்படி அழுதது. அழுகை அடங்கும்போது வாசலில் குமாரசாமி சார் நின்றார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்து, மேஜையில் வைத்து நீவிவிட்டார்.

“தொடங்கிருச்சு மரகதம்” என்றார்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கண்காணித்தார். இவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தபோது, பரீட்சை நடக்கிறது என்று சார் அதட்டினார். முதல் கேள்வி எனக்குத் தெரிந்ததுதான். பேனாவை வைத்து இழுத்தேன். எழுதவில்லை. உதறிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன். பேனா எழுதத் தொடங்கவில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் இடது கையை மெதுவாகத் தொட்டிலுக்குள் விட்டு, பேத்தியின் பாதத்தைத் தேடி, வலிக்காத மாதிரி ஒரு கிள்ளு கிள்ளினேன்.