வதனியின் வலக்கை

முந்தாநாள் காய்ச்சிய பசை நாறிக்கொண்டிருந்தது. கூப்பனுக்குப் பங்கீட்டில் கிடைத்த மாவில் காய்ச்சியது. அந்த மாவில் மா பாதி, புழு பாதி. எத்தனை தரம் அரித்தாலும் சில புழுக்கள் தப்பிவந்து பசையோடு சேர்ந்து வெந்து கிடக்கும். அதைத்தான் நிரூபன் சுட்டுவிரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தான். “சீ, துப்படா” என்று அவனுடைய தாடையைப் பிடித்தேன். அவன் அவசரமாக விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். காலையில் ஒன்றும் தின்னாமல் வருகிற பிள்ளைக்கு அதுவும் கூழ்தான்.

சின்னப் பிள்ளைகள் படிக்கிற எங்கள் நேசறி கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்து வாசிகசாலையில் நடந்தது. தண்டவாளத்தைப் பதுங்குகுழி மூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ஆனாலும் சனம் ரயில் பாதை என்றுதான் சொல்லும். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மார்கழி மாதத் தொடக்கம். சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பத்திரிகையே கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்தது. இந்த லட்சணத்தில், எங்கள் ஊர்ச் சைவப் பிள்ளைகள் முப்பது பேர் நிலத்தில் இருந்து யேசு பிறந்த நத்தாருக்கு வாழ்த்து மட்டை செய்துகொண்டிருந்தார்கள்.

எல்லாம் தியாகலிங்கம் அண்ணையின் யோசனை. லண்டனில் குடியேறிய எங்கள் ஊரார் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். நேசறிக்குப் பால்மா வருவது அவர்களுடைய உதவியில். அந்தச் சங்கத்துக்கு இங்கே செயலாளர், பொருளாளர், காவல்காரர் எல்லாம் இவர் ஒருவர்தான். “பொங்கலுக்குச் செய்து அனுப்புவமே அண்ணை” என்று நான் கேட்டுப் பார்த்தேன்.

“லண்டனிலை காசு சேர்க்கிற கூட்டத்துக்கு வெள்ளைக்காரரும் வருவினம் ரீச்சர். பொங்கலைக் கண்டு ஆர் மனம் இளகும்? நத்தார் எண்டு சொல்லிப் பாருங்கோ” என்றார்.

மட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையைத் தாளில் வைத்து வரைந்து வெட்ட வேண்டும். அவரை இலையைத் தேய்த்துப் பச்சை பூசி, உள்ளங்கையில் தன் பெயரை எழுத வேண்டும். மடித்த மட்டையில் ஒட்டினால் விரித்த கை ஒரு நத்தார் மரமாக நிற்கும். “வலக்கைதான் வேணும். பீச்சங்கையை ஒருத்தருக்கும் நீட்டக் கூடாது” என்று கண்டிப்பு வேறு.

எழுதுகிற கையையே வரைவதென்றால் மற்றவர்தான் பென்சில் பிடிக்க வேண்டும். ஆகவே பிள்ளைகளைச் சோடி சோடியாக இருத்தினேன். ஒன்று கையை வைக்கும், மற்றது வரையும், விரலிடுக்கில் பென்சில் போனதும் கூச்சம் தாங்காமல் இரண்டும் உருண்டு சிரிக்கும். தாள் கிழியும். கிழிந்தால் மாற்றுத் தாள் கிடையாது. திருவிழா நின்றுபோனதால் கோயிலில் மிஞ்சிக் கிடந்த நோட்டீஸ்களை ஐயரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெறுமை. ஆளுக்கு ஒன்றுதான் கொடுக்க முடிந்தது.

வதனியோடு சோடி சேர ஒருவரும் வரவில்லை. “அவவின்ரை கையைத் தொட அரியண்டமாக் கிடக்கு ரீச்சர்” என்றது முன் வரிசையில் ஒரு பெட்டை. பால்குடி மறந்து நாலு நாளாகவில்லை, அதற்குள் அரியண்டம். வீட்டில் பெரியவர்கள் சொல்வதைத்தானே அதுகளும் சொல்லும். அந்த வாயில் ஒன்று போட வேண்டும்போல் கை துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

மாசி மாதம் விழுந்த குண்டில் வதனியின் வலக்கையில் மோதிரவிரலும் சின்னிவிரலும் போய்விட்டன. தைத்த இடம் இன்னும் சிவந்து பளபளத்தது. மிச்சம் மூன்று விரலாலும் பென்சில் பிடிப்பாள், கத்தரிக்கோல் பிடிப்பாள், தன்னைச் சீண்டினால் நிரூபனுக்குக் குட்டும் வைப்பாள். அவளுக்கு நான் பாவம் பார்த்ததே இல்லை. பாவம் பார்க்க அவள் விட்டதும் இல்லை.

அவளுடைய தகப்பன் பஞ்சலிங்கம் லண்டனில். குண்டு விழுவதற்கு முதலே போனவர். மகளுக்கு நடந்தது அவருக்குத் தெரியாது. தாய் பராசக்தி ஒருநாள் வாசிகசாலைப் படியில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அங்கை அவரின்ரை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை ரீச்சர். விரல் போனது தெரிஞ்சால் எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டு இஞ்சை வெளிக்கிட்டிடுவார். வழியிலை பிடிச்சால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே. நாங்கள் ஒருநாளைக்கு அவரிட்டைப் போவம். அண்டைக்கு நானே கையைக் காட்டுறன். அதுமட்டும் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது.”

லண்டனுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர் வாயை மூடிக்கொண்டிருந்த விசயம் என் அறிவுக்கு எட்டியவரை அது ஒன்றுதான்.

இந்த மட்டைகள் லண்டனில் சங்கத்துக் கூட்டத்தில் சுவரில் தொங்கும், தகப்பன் அங்கே வருவார் என்பது வதனிக்குத் தெரியும். “அப்பா என்ரையைத்தான் முதல் பாப்பார், என்ன ரீச்சர்?” என்று விடிந்ததிலிருந்து என் சீலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு திரிந்தாள். அவளுடைய கையை எப்படி வரைந்து கொடுப்பது, இல்லாத விரலை நானாகக் கீறிவிடுவதா என்று குழம்பிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் அவள் வெட்டியே முடித்திருந்தாள்.

நோட்டீசின் அச்சுப் பக்கத்தில் தன் இடக்கையை வைத்து, மூன்று விரலால் பென்சில் பிடித்துத் தானே வரைந்திருக்கிறாள். வெட்டிய பிறகு தாளைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். இடக்கை வலக்கையாகிவிட்டது. ஐந்து விரலும் வடிவாக விரிந்து நின்றன.

“ரீச்சர், இது என்ரை வலக்கை.”

“ஓம் குஞ்சு. உன்ரை வலக்கைதான்” என்றேன்.

அவரை இலையைத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனிவரை பச்சை ஏற்றினாள். கஜவதனி என்ற முழுப் பெயரும் உள்ளங்கையில் ஒரு வரியில் அடங்கவில்லை. இரண்டாகப் பிரித்து, நாக்கை நீட்டிக்கொண்டு எழுதி முடித்தாள். பிறகு காய்வதற்காக யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஒருவரும் கிட்டப் போகாமல் காவல் நின்றாள்.

அப்போதுதான் தியாகலிங்கம் வந்தார். ஊர் முழுக்கப் பனங்காயைப் போட்டு உடுப்புத் தோய்க்கிற காலம். அந்த மனிதர் மட்டும் வாசனைச் சவர்க்காரம் மணக்க, வெள்ளைச் சேட்டும் கழுத்தில் கமெராவுமாக வந்து நின்றார். அடுத்த கிழமை கிளாலிப் படகுப் பாதையால் கொழும்புக்குப் போகிறார், மட்டைகளைக் கையோடு கொண்டுபோய் லண்டனுக்கு அனுப்புவார். பிள்ளைகளைக் கண்டதும் லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினார்.

“உதுகள் முழுகிறேல்லையோ ரீச்சர்?”

“சவர்க்காரமும் அனுப்பச் சொல்லுங்கோ. முழுகுவினம்.”

அது அவருடைய காதில் ஏறவில்லை. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி, காய்ந்துகொண்டிருந்த கைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். முகத்தில் ஒரு திருப்தியும் இல்லை. “எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு. விரல் போன பிள்ளை ஒண்டு நிக்குதெண்டு சொன்னவை. எங்கை அது?”

வதனி வலக்கையைச் சட்டைக்குள் ஒளித்தாள். நிரூபன், அந்தப் பசை தின்னி, உடனே விரலை நீட்டிக் காட்டிவிட்டான். தியாகலிங்கம் யன்னல் விளிம்பில் இருந்த அவளுடைய தாள் கையை எடுத்தார். எண்ணினார்.

“என்ன இது? அஞ்சு விரல் கிடக்கு.”

“அவவின்ரைதான். அவவே வெட்டினது” என்றேன்.

“பொய்க் கையை அனுப்பினால் என்ரை மரியாதை என்னாகிறது ரீச்சர்? உண்மையைக் காட்ட வேணும். மூண்டு விரலோடை ஒரு கை முன்னுக்குத் தொங்கினால் காணும், மண்டபமே கண்ணீர் விடும்.”

நான் அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். “தகப்பனுக்குத் தெரியாது அண்ணை. கூட்டத்துக்கு அவரும் வருவார். பிள்ளையின்ரை பேரோடை இதைக் கண்டால் அந்த மனிசன் என்ன செய்யும்?”

“வரட்டுமே. பாத்திட்டு அவன் எழும்பி நிண்டு அழுதானெண்டால் அதைவிட எங்களுக்கு வேறை என்ன வேணும்?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். என் உடம்பு முழுக்க அட்டை ஊர்ந்தது போலக் கூசியது. பீயை மிதித்தால் காலைக் கழுவலாம். இந்தச் சிரிப்பைக் கண்ட கண்ணை எதில் கழுவுவது?

அவர் வதனியிடம் போனார். சட்டைக்குள் இருந்த கையை வெளியே இழுத்தார். வெறுங்கையால் தொடவில்லை, லேஞ்சியால் பிடித்துத்தான் இழுத்தார். எந்த விரல், எதுவரை இல்லை என்று பார்த்தார். பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துப் பச்சைத் தாளில் மோதிரவிரலையும் சின்னிவிரலையும் நறுக்கினார். வலு கவனமாக, அடிக்கட்டை கொஞ்சம் மிஞ்ச நறுக்கினார். நான் “அண்ணை” என்று கத்திக்கொண்டு ஓடியபோது இரண்டு துண்டும் நிலத்தில் கிடந்தன.

“இப்ப சரி. இதுதான் உன்ரை கை, என்ன பிள்ளை?” என்று சொல்லி, பையிலிருந்து ஒரு பிஸ்கற் எடுத்து அவளிடம் கொடுத்தார்.

வதனி அழவில்லை. பிஸ்கற்றை வாயில் வைக்கவும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பிஸ்கற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பக்கத்தில் ‘நறுக்’ என்று ஒரு சத்தம். திரும்பினேன். நிரூபன் தன் தாள் கையில் பெருவிரலை வெட்டிவிட்டு, அதைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான்.

“மாமா, என்ரையும் வெட்டியாச்சு. எனக்கும் பிஸ்கற்.”

பசிக்கிற பிள்ளை, அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் தியாகலிங்கம் அந்தக் கையையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பரவாயில்லை ரீச்சர். உப்பிடி இன்னும் ரெண்டு மூண்டு இருந்தால் நல்லாய்த்தான் இருக்கும்” என்றார்.

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. “நீங்கள் சோத்தைத்தான் தின்னுறனீங்களோ?” என்று கேட்டேன். பிள்ளைகள் முன்னால் கேட்கக் கூடாதது இன்னும் நாலு கேட்டேன். அந்த வெள்ளைச் சேட்டில் காறித் துப்பாத குறை.

அவர் கோபிக்கவில்லை. லேஞ்சியை நாலாக மடித்துப் பையில் வைத்தார். “வாற மாதம் பிள்ளையளுக்குப் பால்மா வேணுமோ வேண்டாமோ எண்டதையும் யோசிச்சுக் கதையுங்கோ ரீச்சர்.”

புழு மாவில் பசையை நக்குகிற பிள்ளைகளுக்கு அந்தப் பால்தான் சாப்பாடு. அதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் எதையும் வெட்டலாம், நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நிமிசம் பசை நாற்றமும் சவர்க்கார வாசமும் ஒன்றாகக் கலந்து என் மூக்கில் ஏறின. அவரைவிட, வாயை மூடிக்கொண்டு நின்ற என்மேல்தான் எனக்கு அதிகம் அருவருத்தது.

வதனி பிஸ்கற்றை நிலத்தில் வைத்தாள். எழும்பிப் போய் அவருடைய கையிலிருந்த தன் பச்சைக் கையைச் சட்டென்று வாங்கிக்கொண்டாள். கிழித்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கிழிக்கவில்லை. உள்ளங்கை நடுவில் மடித்து, மூன்று விரலால் கத்தரிக்கோலைப் பிடித்து, தன் பெயர் இருந்த இடத்தை மட்டும் சுற்றி வெட்டி எடுத்தாள். பெயரைச் சட்டைப் பைக்குள் வைத்தாள். நடுவில் ஓட்டையாகிப்போன கையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“என்ன பிள்ளை செய்தனி? பேரில்லாமல் இதை ஆரின்ரை கையெண்டு நான் அங்கை சொல்லுறது?”

“அது என்ரை கை இல்லை மாமா. நீங்கள்தானே விரலை வெட்டினனீங்கள். உங்கடை பேரை எழுதுங்கோ.”

வாய்க்கு வாய் காட்டுகிற மாதிரி அவள் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலத்தான் சொன்னாள். தியாகலிங்கம் சிரிக்கப் பார்த்தார். கூடச் சிரிக்க ஒருவரும் இல்லை. முப்பது பிள்ளைகளும் அவர் எழுதப் போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லி அவளை அதட்டுவேன் என்று நினைத்திருக்க வேண்டும். பால்மா வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். நான் நிலத்தில் கிடந்த பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“எழுதுங்கோ அண்ணை. பிள்ளையள் எல்லாரும் எழுதிப்போட்டினம். நீங்கள்தான் மிச்சம்.”